தின்னாத நாலு இட்லி

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இந்த நோட்டு ஜெனிட்டா கொடுத்தது. இந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்த காலேஜில் நர்ஸ் படிப்பு மூன்றாம் வருஷம் படிக்கிற பிள்ளை. சாத்தான்குளத்துப் பக்கம் ஊர். பரீட்சைக்கு ஒரு நோயாளியைப் பற்றி ஆதியோடந்தமாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம்; அதற்கு என்னைப் பிடித்திருக்கிறாள். தினமும் எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன் என்று நானே குறித்து வைக்க வேண்டும். நோட்டை நீட்டும்போது, "பாட்டி, ஒங்களுக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டாள். அஞ்சாம் வகுப்பு முடித்தவள் நான். கரும்பலகையில் தேதி எழுத வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தக் கேள்வி என் மனசில் இருக்கிறது.

சாப்பாட்டு விவரத்தை நோட்டின் முன்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். முன்பக்கத்தை டியூட்டர் மேடம் பார்ப்பார்களாம். பின்பக்கம் யாருக்கும் இல்லை.

சேர்ந்து நாலு நாள். வலது கால் பெருவிரலில் புண். புதுச் செருப்பு கடித்திருக்கிறது. கடித்தது எனக்குத் தெரியவில்லை. ரத்தம் பாயில் பட்ட பிறகுதான் பார்த்தேன். வந்த அன்று சுகர் 386. பதினோரு வருஷமாக விழுங்குகிற மாத்திரை இனி கேட்காது, இன்சுலின் ஊசிதான் என்றார் டாக்டர். "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்மா" என்று வேறு சொன்னார். அவரும் என் மனசில் இருக்கிறார்.

துணைக்கு இருப்பது பூரணம், என் வீட்டுக்காரரின் தங்கச்சி. மகன் சண்முகவேல் திருப்பூரில் இருக்கிறான். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று மருமகள் வரவில்லை. பூரணம் இதே ஊர்க்காரி. யாரும் கூப்பிடாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டாள். "வா" என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று எங்கள் கட்டிலைச் சுற்றிப் பாடம் நடந்தது. எட்டுப் பெண்பிள்ளைகள், டியூட்டர் மனோரஞ்சிதம் மேடம். பக்கத்துக் கட்டிலில் இருப்பது ஒரு டீச்சர். கழுத்தில் வீக்கம், கண் வெளியே தள்ளினாற்போல் இருக்கும், கை நடுங்கும். மேடம் எங்கள் இரண்டு பேரையும் காட்டி, "ரெண்டு பேருக்கும் சுரப்பிதான் பிரச்சினை. இவங்களுக்கு கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல வேலை செய்யுது. அந்தம்மாவுக்கு கணையத்துல சுரக்க வேண்டியது போதுமான அளவு சுரக்கல" என்றார்கள். தைராய்டு கூடினால் உடம்பு வேகுமாம். அதனால்தான் டீச்சர் ஃபேனை அஞ்சில் வைக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாள். எனக்கு அந்தக் காற்றில் பல் கிட்டுகிறது.

"இன்சுலின் போட்டு அரை மணிக்குள்ள பேஷண்ட் சாப்பிடலைன்னா என்ன ஆகும்?" என்று மேடம் கேட்டார்கள்.

"சுகர் எறங்கிரும் மேடம். வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, கொழப்பம்..."

"கொழப்பம்னா?"

ஜெனிட்டா சொன்னாள்: "யாரு என்னன்னு தெரியாமப் பேசுவாங்க மேடம். கோவப்படுவாங்க, அடிக்கக்கூட வருவாங்க. அப்புறம் கேட்டா எதுவும் ஞாபகம் இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏட்டி, எனக்கா ஞாபகம் இருக்காது?" என்றேன். பிள்ளைகள் எல்லாம் கட்டிலை நெருங்கி வந்தார்கள். ஒருத்தி கல்யாணத் தேதி கேட்டாள். தேதி, கிழமை, அன்றைக்குப் பெய்த மழை, தாம்பூலம் வாங்காமல் போன மூன்று பேர், அவர்கள் பெயர், அவர்கள் போனதற்குச் சொன்ன காரணம், உண்மையான காரணம் எல்லாம் சொன்னேன். மேடமே சிரித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சுகர் 241. ஃபேன் விஷயமாக டீச்சரிடம் பேச்சை நிறுத்தியாயிற்று.

ஆகஸ்ட் 28, புதன்

ஜெனிட்டா ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். அம்மாவுக்குச் சுகர் இருந்ததா, அப்பா எதில் இறந்தார், எத்தனை பிள்ளை, எத்தனை தங்கியது, என்ன வேலை. தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தாறு வருஷம் என்றேன். நிமிஷத்துக்கு எத்தனை குச்சி அடுக்குவேன் என்ற கேள்வி அவள் தாளில் இல்லை. அதையும் சொன்னேன்.

"விரதம் ஏதும் இருப்பீங்களா பாட்டி? சஷ்டி, வெள்ளிக்கெழம அந்த மாதிரி?"

"கெடையாது" என்றேன்.

அது பொய் இல்லை. சாமிக்கு நான் இருப்பதில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதத் தோன்றுகிறது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஆவணி பதினாலாம் தேதி, பூரணத்தின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. நான் காலையில் பாதி ஷிப்டு பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். சின்னவன் பசி தாங்காமல் அழுதான். முதல் பந்தியில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அவனுக்கு ஊட்டிவிட்டேன். நான் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. கைக்குழந்தைக்காரிகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், இலை எடுத்தேன். மூன்றாம் பந்தியில்தான் எனக்கென்று உட்கார்ந்தேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைத்தாகிவிட்டது. பூரணம் கூட்டு வாளியோடு வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "மைனி, நீங்க மொதப் பந்தியிலயே சாப்பிட்டாச்சுல்லா?" என்று கேட்டாள்.

இரண்டு தரம் தின்ன வந்தவள் என்று அர்த்தம். எழுந்துவிட்டேன். பெரியவன் சண்முகவேலையும் கையைப் பிடித்து எழுப்பினேன். அவன் கையில் சோறு இருந்தது.

வீட்டுக்காரர் ராத்திரி, "தெரியாமக் கேட்டுட்டா, விடு" என்றார். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த "விடு" இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆவணி பதினாலும், எழுந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும், பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் என் வாயில் போவதில்லை. அந்த ஒரு நாளில் என்னைப் பார்த்து "சாப்பிட்டாச்சுல்லா" என்று எவரும் கேட்க முடியாது. அவள் வீட்டு விசேஷம் எதற்கும் போகாமல் இருந்ததில்லை. மொய் எழுதுவேன், ஆசீர்வாதம் பண்ணுவேன், வந்துவிடுவேன். அவள் வீட்டில் கை நனைத்ததில்லை. அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. கேட்டதே அவளுக்கு ஞாபகம் இருக்காது. கேட்டவர்களுக்கு எப்போது ஞாபகம் இருந்திருக்கிறது?

ஆகஸ்ட் 29, வியாழன்

சுகர் 132. டாக்டருக்குச் சந்தோஷம். புண்ணில் சிவப்பாகப் புதுச் சதை வளர்கிறது, நல்ல அறிகுறி என்று ஜெனிட்டா சொன்னாள். பூரணம் தினமும் கால் கட்டு நனையாமல் பாலித்தீன் பையைச் சுற்றி என்னைக் குளிப்பாட்டுகிறாள். அழுத்தித் தேய்க்கிறாள்; முதுகு எரிகிறது.

நாளைக்கு ஆவணி பதினாலு.

யோசித்துப் பார்த்தேன். ஊசி எதற்கு? சுகரை இறக்க. சோறு என்ன செய்கிறது? சுகரை ஏற்றுகிறது. சோறு இல்லாமல் ஊசி போட்டால் இன்னும் நல்லதாகத்தானே முடியும்? மேடம் பாடம் சொன்னது டீச்சரைப் போல நோஞ்சான்களுக்கு. மாத்திரை காலத்தில் பதினோரு ஆவணி இருந்திருக்கிறேன். லேசாகத் தலை சுற்றும், அவ்வளவுதான். ஊசி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் போட்டுக்கொள்வேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சுகர் 118. ஏழரைக்கு ஊசி, பன்னிரண்டு யூனிட். ஜெனிட்டாதான் போட்டாள், வலிக்கவில்லை. பூரணம் மகள் வீட்டுக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். தட்டு வந்தது. இட்லி நாலையும் பேப்பரில் சுற்றிப் பைக்குள் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஜெனிட்டா திரும்பி வந்து, "சாப்ட்டீங்களா பாட்டி?" என்றாள். ஆச்சு என்றேன். "நாலுமா?" என்றாள். நாலும் என்றேன். "சூப்பர் பாட்டி" என்று தாளில் எழுதிக்கொண்டாள். முன்பக்கத்தில் நானும் எழுதிவிட்டேன்.

ஒன்பது மணி. பசிக்கிறது. பசிக்கட்டும்.

டீச்சர் ஃபேனை நிறுத்திவிட்டாள் போல. வேர்த்துக் கொட்டுகிறது. எழுத்து ஏன் இப்படி

ஆகஸ்ட் 31, சனி

நேற்று எழுதினதைப் படித்தேன். கடைசி வரி கோழி கிளறினதுபோல் இருக்கிறது. என் கையெழுத்துத்தான்.

ஒன்பது மணி என்று எழுதியது தெரியும். பிறகு தெரிவது என் கையில் மருந்து ஏறுவது, சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். நடுவில் ஒன்றே கால் மணி நேரம் என்னிடம் இல்லை. எங்கே தேடுவது? மூன்று வயதில் அம்மா என்னை எந்தத் தூணில் கட்டிப்போட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள் என்று தெரிகிறது. நேற்றுக் காலை தெரியவில்லை.

பேச்சை நிறுத்தியிருந்ததை மறந்து டீச்சரிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது.

"அய்யோ, அத ஏன் கேக்கீங்க" என்றாள். "அந்தப் பிள்ள ஜெனிட்டாதான் பாத்துட்டு ஓடியாந்தா. விரல்ல குத்திப் பாத்து முப்பத்தெட்டுன்னு கத்துனா. சீனித் தண்ணிய வாய்ல வச்சா, தட்டி விட்டுட்டீங்க. அவ கையப் பிறாண்டி ரத்தம் வந்துருச்சு. அப்புறம் டாக்டர் வந்து நரம்புல குளுக்கோஸ் ஏத்துனாங்க."

"நான் பேசுனேனா?"

"பேசாமயா? இலைய எடுக்காத, இலைய எடுக்காதன்னு ஒரே சத்தம். பிள்ளைக்கு ஊட்டத்தான் உக்காந்தேன், நான் திங்கலன்னு அழுதீங்க."

"அப்ப யாரு யாரு இருந்தாங்க?"

"எல்லாரும்தான். ஒங்க நாத்தனார் அப்பத்தான் வந்தாங்க. கையில இருந்த சொம்பக் கீழ போட்டுட்டாங்க."

டீச்சர் கொஞ்சம் கூட்டித்தான் பேசுவாள்.

 மத்தியானம் எனக்குத் தட்டு வந்தது. பூரணம் தூக்குச்சட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முடித்த பிறகுதான் திறந்தாள். அவளுக்கும் பசி இல்லையோ என்னவோ.

செப்டம்பர் 1, ஞாயிறு

சண்முகவேல் திருப்பூரிலிருந்து வந்தான். பூரணம் போனில் சொல்லியிருக்கிறாள். நேராக நர்ஸ் அறைக்குப் போனான். வார்டு முழுக்கக் கேட்டது.

"படிக்கிற பிள்ளைகள வச்சு எங்கம்மா மேல பழகிப் பாக்குதீங்களா? செத்துருந்தா யாரு பதில் சொல்லுவா?"

மனோரஞ்சிதம் மேடம் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்தார்கள். என் நோட்டின் முன்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். "7.45. இட்லி 4, தேங்காய்ச் சட்னி." என் கையெழுத்து, திருத்தமாக.

"நாலு இட்லி சாப்பிட்ட பேஷண்டுக்கு முப்பத்தெட்டு வர வாய்ப்பே இல்ல" என்றார்கள். அவர்கள் முகம் வெளுத்திருந்தது. "அப்ப ஊசியிலதான் தப்பு. ஊசியில இருக்கற கோட்டத் தப்பா எண்ணி எடுத்திருக்கணும். பன்னெண்டுக்கு முப்பது போயிருக்கும்."

ஜெனிட்டா பின்னால் நின்றாள். முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். "நான் சரியாத்தான் எடுத்தேன் மேடம்" என்றாள். "பேசாத" என்றார்கள் மேடம்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

வேறொரு பிள்ளை ஊசி போட்டாள். வலித்தது. ஜெனிட்டா எங்கே என்றேன். "அவளுக்கு வார்டு டூட்டி நிறுத்திட்டாங்க பாட்டி. வியாழக்கெழம விசாரணை. டோஸ் தப்புன்னு முடிவாயிட்டா இந்த வருஷத்தத் திரும்பப் படிக்கணும்" என்றாள். பிறகு நான் பேஷண்ட் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம்? சின்னப் பிள்ளைதானே.

சுகர் 156.

செப்டம்பர் 3, செவ்வாய்

பூரணம் மருந்து வாங்கப் போன நேரத்தில் பையை எடுத்து அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பேப்பர் இல்லை. இட்லி இல்லை. சேலை துவைத்து மடித்து வைத்திருக்கிறது. பையின் அடியைக்கூட யாரோ துடைத்திருக்கிறார்கள்.

நாலு இட்லியை எறும்பு தூக்கிப் போகாது.

அவள் திரும்பி வந்தாள். "என்ன மைனி தேடுதீய?" என்றாள். சீப்பு என்றேன். சீப்பு என் தலையணை மேலே இருந்தது. எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 4, புதன்

பார்வையாளர் நேரத்தில் ஜெனிட்டா வந்தாள். நர்ஸ் உடுப்பு இல்லை, சுடிதார். தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் இருந்தாள். கட்டில் ஓரத்தில் நின்றாளே தவிர உட்காரவில்லை.

"பாட்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்குச் சாப்ட்டீங்களா, இல்லையா?"

"அதான் எழுதியிருக்கேன்ல."

"எழுதுனது தெரியும். சாப்ட்டீங்களா?"

"வயசானவட்டப் போயி இதையே எத்தன தடவ கேப்ப?" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. குரல் இறங்கிவிட்டது. "நான் பன்னெண்டு கோடுதான் இழுத்தேன் பாட்டி. ஸ்டாஃப் நர்ஸ்ட்ட காட்டிட்டுத்தான் போட்டேன். ஆனா எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ண மூடுனா ஊசி தெரியுது, கோடு தெரிய மாட்டேங்குது. காட்டுனேன்னு நெனைக்கறதும் நெசமான்னு தெரியல."

போய்விட்டாள்.

எனக்குத் தெரியும். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நகத்தால் இரண்டு தரம் சுண்டி, காற்றை வெளியே தள்ளினாள். மேசைப் பக்கம் திரும்பி ஸ்டாஃப் நர்ஸிடம் நீட்டினாள். அவள் போனில் பேசிக்கொண்டே தலையை ஆட்டினாள். ஜெனிட்டாவின் உதடு "பன்னெண்டு" என்று சொன்னது. நான் பார்த்தேன். அவளிடமிருந்து போனது என்னிடம் இருக்கிறது.

மத்தியானச் சோறு இறங்கவில்லை. பூரணம் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்காகவாவது இரண்டு கவளம் தின்ன வேண்டியதாகிவிட்டது.

செப்டம்பர் 5, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பத்து மணிக்கு மேடம் என் கட்டிலுக்கு வந்தார்கள். கையில் ஒரு தாள், ஒரு மைப்பெட்டி. நான் சொன்னதாக ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. "அம்மா, இதுல கை ரேகை வச்சாப் போதும்" என்றார்கள். என் எழுத்தைப் பார்த்தவர்களே இப்படிக் கேட்டார்கள். கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லித் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'காலை உணவு முழுவதும் உட்கொண்டேன். அதன் பிறகும் மயக்கம் ஏற்பட்டது.' பூரணம் ஃபிளாஸ்கைக் கழுவிக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

"இது இல்ல" என்றேன்.

"எது?"

"நான் அன்னைக்கு ரெண்டு இட்லிதான் தின்னேன்."

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். "அம்மா, அந்தப் பொண்ணு நேத்து வந்து அழுதாளா? பாவம்னு மாத்திச் சொல்லுதீங்களா? ஒங்க கைப்பட நாலுன்னு எழுதியிருக்கீங்க."

"தின்னவே இல்ல. நாலும் தின்னல."

"இப்ப ரெண்டும் இல்லங்கீங்க. ஏன் தின்னல? வாந்தி வந்துச்சா? நெஞ்சு கரிச்சுச்சா?"

கரித்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் அவர்களே, "அப்படி இருந்தா அத அவ கேட்டு எழுதியிருக்கணும். அதுவும் அவ தப்புத்தான்" என்றார்கள். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளை தலையில்தான் வந்து விழுந்தது. "காரணமே இல்லாம ஒரு ஆளு பசியோட நாலு இட்லியத் திங்காம விட்டேன்னு சொன்னா யாரு நம்புவா? நான் நம்புனாலும் பிரின்சிபால் நம்பமாட்டாங்கம்மா."

பேனாவை மூடினார்கள். எழுந்திருக்கப் போனார்கள்.

"ஆவணி பதினாலு" என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கு ஆவணி பதினாலு. அன்னைக்கு நான் திங்க மாட்டேன். நாப்பத்தோரு வருசமா. அந்தப் பிள்ள விரதம் உண்டான்னு முன்னாலயே கேட்டா. இல்லன்னுட்டேன். சாப்ட்டியான்னு ரெண்டு தடவ கேட்டா. ஆச்சுன்னுட்டேன். ஒளிச்சு வச்சவ நான். ஊசி பன்னெண்டுதான். ஸ்டாஃப் நர்ஸ்ட்ட காட்டுனா, அவ போன் பேசிக்கிட்டே தலைய ஆட்டுனா. நான் பாத்தேன்."

"அது என்ன நாளும்மா? யாராச்சும் தவறுன நாளா?"

பூரணம் பக்கத்தில் நிற்கிறாள். நாற்பத்தோரு வருஷம் அவளுக்குத் தெரியக் கூடாது என்று காத்தது. தெரிந்தால் அவள் ஒரு வார்த்தையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, லேசாகிவிடுவாள். அப்புறம் எனக்கு என்ன மிச்சம்? அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் அவளைப் பார்க்காமல், மேடத்தையும் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்: காதுகுத்து, மூன்றாம் பந்தி, இலை, உப்பு, கூட்டு வாளி. அவள் கேட்ட கேள்வியை ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் டீச்சர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பூரணம்தான் முதலில் பேசினாள். "நாலு இட்லியும் பையில இருந்துச்சு மேடம். சேல தொவைக்க எடுக்கையில பாத்தேன். நாந்தான் எடுத்துப் போட்டேன்."

"பாத்துட்டு ஏம்மா இத்தன நாளு சொல்லல? ஒரு பிள்ளையோட படிப்பு."

"தப்புத்தான். மைனி வாயால வரட்டும்னு இருந்தேன். இன்னைக்கும் வரலைன்னா நான் சொல்லியிருப்பேன்." பிறகு, "எழுதுங்க மேடம். கேட்டது நான்னு எழுதுங்க. பேரு பூரணம்" என்றாள்.

மேடத்துக்கு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. "அது இதுல தேவையில்லம்மா. உணவு மறுத்ததுக்குக் காரணம்னு ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"அந்த வரியில எழுதுங்க."

"ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்று நான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போனதும் தெரிஞ்சு போச்சு மைனி. அந்த இலையில வேற யாரையும் உக்கார விடல. சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு. சோறு பத்தாமப் போயிருமோன்னு மாமியா பின்னால நின்னு கேளு கேளுன்னாக. அவுக சொன்னாகன்னு இப்பச் சொன்னா, செத்தவுக மேல பழி போட்ட மாதிரி ஆயிரும். வாய் என் வாய்தான். மறுநாளே ஒங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். நீங்க மறுவாரமே எங்க வீட்டு இன்னொரு விசேசத்துக்கு வந்து சிரிச்ச மொகமா மொய் எழுதுனியளா, மறந்துட்டீய போலன்னு விட்டுட்டேன்."

நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். என்னைப் போய்.

மேடம் புதுத் தாளில் கையால் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்று பூரணம் விரலை நீட்டினாள்; அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ரேகை வைத்த பிறகு மைக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல், விரலைத் தூக்கியபடியே நின்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்து, என் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டேன். லேசில் போகிற மை இல்லை அது. அழுத்தித் தேய்த்தேன்.

"எரியுது மைனி" என்றாள்.

"எரியட்டும்" என்றேன். கையை விடவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

ஏழரைக்கு ஜெனிட்டா வந்தாள். வெள்ளை உடுப்பு, தலையில் கிளிப். முழங்கையில் நான் பிறாண்டிய கோடு மூன்றும் காய்ந்து கறுத்திருந்தன. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பேரு?" என்றாள்.

"என்னட்டி, தெரியாதா?"

"பேஷண்ட் பேரச் சொல்லணும்."

"ஆவுடைத்தாய்."

விரலில் குத்தினாள். 127. ஊசியில் மருந்தை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஸ்டாஃப் நர்ஸ் போனை வைக்கிற வரைக்கும் நின்று காட்டிவிட்டு வந்தாள். எனக்கும் காட்டினாள். பத்து கோடு, டாக்டர் குறைத்திருக்கிறார். போட்டாள். வலித்தது. வேண்டுமென்று குத்தினாளா, என் தோல்தான் அப்படியா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாட்டி என்று ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. கோபம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தட்டு வந்தது. வழக்கமாக அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். இன்று போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றாள். முதல் இட்லி, இரண்டாவது, மூன்றாவது. பூரணம் சட்னி ஊற்றினாள். நாலாவதைப் பிட்டபோது வயிறு நிறைந்துவிட்டது, தின்றேன். ஜெனிட்டா தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். போர்வையை உதறினாள். பையைத் திறந்து, சேலைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். பூரணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை நான் பார்த்தேன்.

ஜெனிட்டா என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"வாயத் தெறங்க" என்றாள்.

திறந்தேன்.